கலங்கிய பியரும் கட்டுக்கதைகளும்

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ ஒரு மதுச்சாலைக்குள் நுழைபவர்கள், சுவரில் எழுதிவைத்திருக்கும் பியர்ப் பட்டியலில் மூன்று எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஐ.பி.ஏ. என்பவையே அவை. இந்தியா பேல் ஏல் என்பது அவற்றின் விரிவு. பேல் ஏல் என்றால் வெளிறிய நிறமுடைய பியர். அதற்கு முன்னால் இந்தியா ஏன் வந்தது என்று கேட்டால், பரிமாறும் இளைஞரும் பேணியின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும் வாசகமும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்.

பிரித்தானியாவிலிருந்து கப்பலேறிய பியர் இந்தியா வந்து சேருமுன் பழுதாகிப் போனதாம். வெயிலில் வாடிய படையினர் தாகத்தால் தவித்தனராம். ஹொட்ஜ்சன் என்ற கெட்டிக்காரர் ஹொப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, மதுசாரத்தின் அளவையும் கூட்டி, பயணத்தைத் தாங்கும் புதிய பியர் ஒன்றைக் கண்டுபிடித்தாராம். அதுவே இந்தியா பேல் ஏல் ஆயிற்றாம்.

இந்தக் குடும்பத்தின் இன்றைய செல்லப்பிள்ளை 'ஹேஸி ஐ.பி.ஏ.' எனப்படும் கலங்கல் பியர். மாம்பழச் சாற்றைப் போன்று கலங்கி நிற்கும். பழவாசனை தூக்கலாக இருக்கும். 440 மில்லிலீற்றர் பேணி ஒன்றுக்கு இலண்டனில் ஆறேழு பவுண் கொடுக்க வேண்டியும் வரும். புலம்பெயர்ந்த எங்கள் இளைஞர்கள் பலருக்கும் இது விருப்பமான பானமாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தப் பானத்துடன் சேர்த்து விற்கப்படும் கதைகளில்தான் ஆட்சேபனை உண்டு.

மூன்று கதைகளை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தியாவுக்கென்று ஒரு பியர் கண்டுபிடிக்கப்பட்டது என்பது முதலாவது. கலங்கலே தரத்துக்குச் சான்று என்பது இரண்டாவது. மூன்றாவது கதையை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அது வழிவழியாக வாழ்கிறது. கலங்கிய பானத்தை வெள்ளையர் தயாரித்தால் அது கலை, எங்கள் ஊர்ச் சீவற்தொழிலாளி இறக்கினால் அது இழிவு என்பதே அக்கதை.

விடயத்துக்குள் செல்லுமுன் ஒன்றைக் கூறிவிட வேண்டும். இது குடிப்பதற்கான சிபாரிசு அன்று. மலையகத் தோட்டங்களிலும் போருக்குப் பிந்திய வடக்கிலும் மது அழித்த குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவன் நான். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்தபோது அதனை வரவேற்றவன். குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர்கள் எதை எந்த அளவுகோலால் மதிக்கிறார்கள் என்பதே இங்கு கேள்வி.

பெயரில் இருக்கும் இந்தியா

ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் கற்பனைப் பாத்திரம் அல்லர். கிழக்கு இலண்டனின் போ என்ற இடத்தில் 1752ஆம் ஆண்டில் அவருடைய பியர் உற்பத்திச்சாலை ஆரம்பமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் நங்கூரமிடும் துறை அதற்கு அண்மையில் இருந்தது. அக்கப்பல்களின் தலைவர்களும் அதிகாரிகளும் தங்கள் சொந்த வியாபாரத்துக்கெனச் சரக்கு ஏற்றிச் செல்லும் உரிமை பெற்றிருந்தனர். பன்றித்தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி, கண்ணாடிப் பொருட்கள் ஆகியவற்றுடன் பியரும் அவர்களின் சரக்காயிற்று. ஹொட்ஜ்சன் பக்கத்தில் இருந்தார். ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட கடன் தவணையும் கொடுத்தார். அவருடைய வெற்றியின் இரகசியம் பெருமளவுக்கு இவ்வளவுதான்.

அவர் விற்ற வெளிறிய பியர் இந்தியாவுக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. இங்கிலாந்தின் நிலவுடைமையாளர் வீடுகளில் இலையுதிர் காலத்தில் காய்ச்சி, நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரவிடும் ஒருவகைப் பியர் ஏற்கெனவே இருந்தது. ஒக்டோபர் பியர் என்று அதற்குப் பெயர். அந்த வகையைச் சேர்ந்த பியரே கப்பலேறியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நான்கு தொடக்கம் ஆறு மாதம் வரை நீடித்த பயணம் அதனை விரைவாக முதிரச் செய்தது. நிலவறை ஆண்டுக்கணக்கில் செய்ததை வெப்பமும் கடலும் மாதக்கணக்கில் செய்துவிட்டன. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹொப்ஸைச் சற்று அதிகமாகச் சேர்க்க வேண்டும் என்பதோ 1760களிலேயே தொழில் தெரிந்தவர்கள் அறிந்திருந்த பொதுவான ஆலோசனை.

மற்றைய பியர்கள் எல்லாம் வழியில் பழுதாகின என்பதும் பொய். போர்ட்டர் எனப்படும் கறுப்புப் பியர் அதே கப்பல்களில், அதே கடல்வழியில் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணப் படையினர் குடித்தது பெரும்பாலும் அதைத்தான். அவர்களுக்காகக் கம்பனி போர்ட்டரை வாங்கி அனுப்பியது. வெளிறிய பியர் அதிகாரிகளினதும் கம்பனி உத்தியோகத்தர்களினதும் மேசைக்கு உரியது. தவித்த படைவீரனுக்காகப் பிறந்தது ஐ.பி.ஏ. என்ற கதை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

எங்கள் தீவும் இதற்கு ஒரு சிறு சாட்சி. நுவரெலியாவில் 1881ஆம் ஆண்டில் தொடங்கிய பியர் உற்பத்திச்சாலையின் மரபிலிருந்து உலகப் புகழ் பெற்றது வெளிறிய பியர் அன்று. லயன் ஸ்டௌட் என்ற கறுப்புப் பியர். பியர் எழுத்தாளர்களில் தலையாயவராகக் கருதப்பட்டவரும் 2007இல் காலமானவருமான மைக்கேல் ஜாக்சன் (இவர் பாடகர் அல்லர்) அதனை விதந்து எழுதியதன் பின்னரே மேற்குலகின் இரசிகர்கள் பலர் அதைத் தேடத் தொடங்கினர்.

சரி, ஹொட்ஜ்சனின் ஆதிக்கம் எப்படி முடிந்தது? 1820களின் தொடக்கத்தில் அவருடைய வழிவந்தோர் கப்பல் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டுத் தாங்களே இந்திய வியாபாரத்தில் நேரடியாக இறங்க முயன்றனர். கடன் வசதியை நிறுத்தினர். கம்பனி வட்டாரத்தில் அதிருப்தி எழுந்தது. கம்பனியின் கெம்பல் மார்ஜரிபாங்க்ஸ் 1822இல் பேர்ட்டன் நகரத்துத் தயாரிப்பாளரான சாமுவேல் ஓல்சொப்பை அணுகி, அதே போன்ற பியரைக் காய்ச்சித் தருமாறு கேட்டார். பேர்ட்டன் நகரின் நிலத்தடி நீரில் கல்சியம் சல்பேற்று அதிகம். அந்த நீர் வெளிறிய பியருக்குக் கூர்மையான கசப்பையும் தெளிவையும் கொடுத்தது. ஓல்சொப்பும் அவரைத் தொடர்ந்து பாஸ் நிறுவனமும் சந்தையைப் பிடித்தன. கடன் தகராறு, சந்தைப் போட்டி, நிலத்தடி நீரின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. தனியொரு மேதையின் கண்டுபிடிப்புக்கு இதில் இடமே இல்லை.

மார்ட்டின் கோர்னெல் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் இவற்றை எல்லாம் பழைய பத்திரிகை விளம்பரங்கள் முதலிய ஆதாரங்களைப் புரட்டி ஆண்டுகளாக எழுதிவந்தார். இதுவரை கண்டறியப்பட்டவற்றுள் 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்ற தொடர் அச்சில் தோன்றிய மிகப் பழைய இடம் 1829ஆம் ஆண்டின் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்று. வியாபாரம் நடந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்பே பெயர் வந்திருக்கிறது. இந்தியா என்பது அந்த விளம்பரத்தில் ஒரு சந்தையின் பெயர். அந்தப் பியரை மேசைக்கு எடுத்துவந்த கைகள் இந்தியர்களுடையவை. அதைக் காய்ச்சியவர்களும் விற்று இலாபம் கண்டவர்களும் பிரித்தானியர்.

இருநூறு ஆண்டுப் பழைய வியாபாரக் கதை எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஒரு கம்பனியின் கொடுக்கல் வாங்கலை வீரதீரச் சாகசமாக மாற்றுகிறது இந்தக் கதை. எங்கள் பிள்ளைகளும் அதைப் பெருமையுடன் திருப்பிச் சொல்கிறார்கள். இதே ஆட்சி எங்கள் மண்ணின் சொந்தப் பானத்துக்கு என்ன செய்தது என்பது அந்தப் பேணியில் அச்சிடப்படுவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கலங்கலின் பிறப்பு

கலங்கல் பியர் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. வோட்டர்பரி என்ற சிற்றூரில் ஜோன் கிம்மிச்சும் அவருடைய துணைவியார் ஜெனும் 2003ஆம் ஆண்டில் 'அல்கெமிஸ்ட்' என்ற பெயரில் ஒரு மதுச்சாலையைத் திறந்தனர். அங்கு காய்ச்சப்பட்ட ஹெடி டொப்பர் என்ற பியரே இந்த வகையின் மூதாதையாகக் கருதப்படுகிறது. அதற்கு உயிர் கொடுத்த மதுவத்தைக் கிம்மிச் பெற்றது தம்முடைய ஆசானான கிரெக் நூனனிடமிருந்து. 2011 ஓகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் மதுச்சாலையை அழித்துவிட்டது. அடுத்த சில நாட்களுக்குள் அவர்களுடைய புதிய பேணி அடைக்கும் சாலை வேலையைத் தொடங்கியது. அந்தப் பேணிகளைத் தேடி மக்கள் நெடுந்தூரம் வந்தனர்.

இதன் தொழில்நுட்பம் மறைபொருள் அன்று. ஹொப்ஸைக் கொதிக்கும் சாற்றில் நெடுநேரம் வேகவிட்டால் கசப்பு இறங்கும். வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். கலங்கல் பியரைத் தயாரிப்போர் ஹொப்ஸின் பெரும் பகுதியைக் கொதிப்பு அடங்கிய பின்பும் நொதித்தல் நடைபெறும்போதும் அதற்குப் பின்பும் சேர்க்கிறார்கள். எனவே கசப்புக் குறைந்து வாசனை ஓங்குகிறது. வாற்கோதுமையுடன் ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் புரதம் கூடுகிறது. புரதமும் ஹொப்ஸிலுள்ள பொலிபீனோல்களும் இணைந்து கலங்கலை உண்டாக்குகின்றன. பேர்ட்டன் நகரின் சல்பேற்று நீருக்கு மாறாக, இங்கு குளோரைட்டு மிகுந்த நீரை விரும்புகிறார்கள். அது வாயில் மென்மையைத் தருகிறது. சிட்ரா, மொசேயிக், அவுஸ்திரேலியாவின் கலக்ஸி போன்ற புதிய ஹொப்ஸ் இனங்கள் பழவாசனையைக் கொண்டுவருகின்றன.

இலண்டனில் என் மருமகன் ஒருவரின் வீட்டில் இத்தகைய பியரை ஆறுதலாக இருந்து சுவைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. உற்பத்தி நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். பேணியின் அடியில் இருந்த திகதி, அது அடைக்கப்பட்டு மூன்று வாரமே ஆனதைக் காட்டியது. மதுசாரம் 6.5 சதவீதம். குவளையில் ஊற்றியபோது மஞ்சள் கலந்த பாலைப் போன்ற நிறம். மேலே வெண்ணுரை. மூக்குக்கு அருகில் கொண்டுசென்றதும் முதலில் கொடித்தோடை. அதன் பின் தோடம்பழத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் மணம். அதற்கும் பின்னால் ஒரு வாசனை வந்தது. கறுத்தக்கொழும்பான் பழத்தின் காம்பை முறிக்கும்போது கசியும் பாலின் மணம் அது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் அதைச் சொல்வார்கள்.

இதில் பழம் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஹொப்ஸ் எண்ணெயில் மிகுதியாக உள்ள மேர்சீன் என்ற சேர்வை மாம்பழத்திலும் உண்டு. கொடித்தோடைக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் கந்தகச் சேர்வைகளுள் சில ஹொப்ஸிலும் உண்டு. மேற்கத்திய சுவைக் குறிப்புகளில் 'வெப்பமண்டலப் பழங்கள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் நாக்கு எங்களுடையது.

வாயில் அது ஓட்ஸ் கஞ்சியைப் போல் மெதுவாக இறங்கியது. இனிப்பும் இலேசான புளிப்பும் முன்னால் வந்தன. கசப்பு கடைசியில் எட்டிப்பார்த்தது. குவளையின் அடியில் எஞ்சிய மண்டி மட்டும் பச்சிலையை மென்றது போலத் தொண்டையை உறுத்தியது. மொத்தத்தில் நல்ல பானம். கவனத்துடன் காய்ச்சிய பானம். இதை மறுப்பது நேர்மையாகாது.

பிறகு அதே பெயருள்ள இன்னொரு பேணியைத் திறந்தோம். அது கடையின் சாதாரணத் தட்டில் ஐந்து மாதம் இருந்தது. நிறம் பழுப்பும் சாம்பலும் கலந்ததாக மங்கியிருந்தது. கொடித்தோடையும் இல்லை, தோடம்பழமும் இல்லை. நனைந்த கடதாசியின் மணமும் களைத்த இனிப்பும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒட்சிசன் செய்யும் வேலை அது. இந்த வகைப் பியருக்கு ஒட்சிசனைப் போன்ற எதிரி வேறில்லை. குளிரில் வைத்து, சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும்.

இப்போது முதலாவது கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். நீண்ட கடற்பயணத்தைத் தாங்கியது என்பதற்காகப் பெயர் பெற்றது ஐ.பி.ஏ. அதே பெயரைச் சூடிக்கொண்டு இன்று விற்பனையாகும் இந்தப் பியரை அன்றைய கப்பலில் ஏற்றியிருந்தால், நன்னம்பிக்கை முனையைத் தாண்டுமுன்பே அது செத்திருக்கும். கசப்பு, தெளிவு, நீர், ஆயுள் ஆகிய ஒவ்வொன்றிலும் பழைய ஐ.பி.ஏ.க்கு நேர் எதிரான பானம் இது. பெயர் மட்டும் விலைபோகிறது என்பதால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கலங்கினால் விலையா?

முதற்பேணியை ஊற்றும்போது மருமகன் சொன்னது நினைவில் நிற்கிறது. "மாமா, கலங்கினபடியாத்தான் இதுக்கு இந்த விலை" என்றார். இரண்டாவது கதை இதுதான்.

மூதாதையான ஹெடி டொப்பர் பேணியில் என்ன அச்சிடப்பட்டிருந்தது தெரியுமா? பேணியிலிருந்தே குடியுங்கள் என்பது! அந்தப் பானத்தின் கலங்கலை யாரும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. வாசனையைக் காப்பாற்றுவதற்காகப் பியரை வடிகட்டாமல் விட்டனர். கலங்கல் அதன் பக்கவிளைவாக வந்தது. பின்னால் வந்தவர்களோ பக்கவிளைவையே குறிக்கோளாக்கினர். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் போடுவதற்கு ஏற்ற நிறம் வேண்டும் என்று கோதுமை மாவைச் சேர்த்துக் கலங்கலைக் கூட்டியவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்கப் பியர் உற்பத்தியாளர் சங்கம் கலங்கல் பியரைத் தனி வகையாக அங்கீகரித்தது. அதே ஆண்டில் அந்நாட்டின் மிகப் பெரிய பியர்ப் போட்டியில் மற்றெல்லா வகைகளையும் விட அதிகமான பியர்கள் இந்த வகையிலேயே போட்டியிட்டன. சந்தை எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மறுபக்கத்தில் நிற்போரின் வாதமும் சரியன்று. கலங்கிய பியர் கெட்டுப்போன பியர் என்று சாதிக்கும் முதியவர்கள் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள், எங்களிடையேயும் இருக்கிறார்கள். தெளிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பொஹிமியாவின் பில்சன் நகரில் 1842இல் பொன்னிறத் தெளிந்த பியர் காய்ச்சப்பட்டது. பிரித்தானியாவில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்ட பின் கண்ணாடிக் குவளை சாதாரண மக்களுக்கும் எட்டியது. உலோகக் குவளையில் குடித்தவனுக்குத் தெரியாத கலங்கல், கண்ணாடிக் குவளையில் குடித்தவனுக்குத் தெரிந்தது. அதன் பின் தெளிவு தரத்தின் அடையாளமாயிற்று. அந்தத் தெளிவைப் பெறுவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பியரில் இட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஜேர்மனியின் தெற்கிலோ கலங்கிய கோதுமைப் பியரை யாரும் குறைத்து மதித்ததில்லை. ஆகவே கலங்கல் குணமும் அன்று, குற்றமும் அன்று. மூக்கும் நாக்கும் சொல்ல வேண்டிய தீர்ப்பைக் கண்ணிடம் ஒப்படைப்பதே தவறு.

'கைவினைப் பியர்' என்ற அடைமொழியும் இதைப் போன்றதுதான். சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனத்தை உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏ.பி. இன்பெவ் 2011இல் 3 கோடியே 88 இலட்சம் டொலருக்கு வாங்கியது. இலண்டனின் கெம்டன் டவுண் 2015இல் அதே கைக்குப் போனது. பீவர்டவுண் 2022இல் முழுமையாக ஹைனெக்கன் வசமாயிற்று. பெரிய நிறுவனம் காய்ச்சுவதால் மட்டும் பானம் கெட்டுவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் சிறு பட்டறையின் வியர்வைக்கு என்று நினைத்து அதிக விலை கொடுப்பவருக்கு, பணம் யாரிடம் போகிறது என்பதை அறியும் உரிமை உண்டு.

அதையும் இதையும்

மருமகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பனங்கள்ளும் இப்பிடித்தானே கலங்கியிருக்கும்?" அவர் முகம் சுளித்தது. "என்ன மாமா, அதையும் இதையும் ஒண்டாக் கதைக்கிறியள்!"

அவர் நல்ல பிள்ளை. படித்தவர். அவர் வாயிலிருந்து வந்தது அவருடைய சொந்தக் கருத்தும் அன்று. மூன்றாவது கதை அவர் வாய்வழியாகப் பேசியது.

அதையும் இதையும் ஒன்றாகவே கதைப்போம். கலங்கல் பியர் வடிகட்டப்படாதது; கள்ளும் பெரும்பாலும் அப்படியே குடிக்கப்படுகிறது. கலங்கல் பியரைச் சில வாரங்களுக்குள் குடிக்க வேண்டும். கள்ளை அன்றே குடிக்க வேண்டும், மறுநாள் அது புளித்துக் காடியை நோக்கிப் போய்விடும். கலங்கல் பியருக்கு மதுவத்தை ஆய்வுகூடத்தில் வளர்க்கிறார்கள். கள்ளின் மதுவமும் பற்றீரியாக்களும் காற்றிலிருந்தும் முட்டியிலிருந்தும் தாமாக வந்து சேர்கின்றன. பெல்ஜியத்தில் காற்றிலுள்ள மதுவத்தைக் கொண்டு நொதிக்கவிடும் லம்பிக் என்ற பியரைக் குடிப்பதற்காக இரசிகர்கள் விமானமேறிச் செல்கிறார்கள். அது அவர்களுக்கு யாத்திரை.

வேலைத்திறமையைப் பார்ப்போம். பனையின் பாளையைப் பதம் பார்த்து இடுக்கி, மெல்லிய சீவலாகச் சீவி, முட்டி கட்ட வேண்டும். காலையும் மாலையும் ஏற வேண்டும். அறுபது அடி உயரத்தில் காலில் தளநாரும் இடுப்பில் பாளைக்கத்தியுமாக நிற்கும் மனிதனுக்குக் கை தவறினால் உயிர் போகும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத கருப்பநீர், பூசாவிட்டால் கள். எந்த மரம் இனிப்பு, எந்த மரம் துவர்ப்பு என்பதை அவர் அறிவார். கைவினை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எது?

அந்தத் தொழிலுக்கு ஐ.பி.ஏ.யை விற்ற அதே ஆட்சி செய்தது என்ன? இலங்கையில் கள், சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசாங்கம் வருமானம் திரட்டியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குவதை அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்கியது. தன் வளவுப் பனையில் அனுமதியின்றிக் கள் இறக்கியவன் குற்றவாளியானான். சுதந்திரத்துக்குப் பின்பும் அந்தச் சட்டமே திருத்தங்களுடன் தொடர்ந்தது. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் 1987இல் கள் அடியோடு தடை செய்யப்பட்டது. 2003 முதல் அதே மாநில அரசின் நிறுவனமே கடை கடையாகப் பியரையும் பிராந்தியையும் விற்றது. ஆலையில் செய்தது சட்டபூர்வம், மரத்தில் ஊறியது குற்றம் என்பது எந்த நியாயம்?

சட்டத்தை வெள்ளையர் தலையில் போட்டுவிடலாம். சாதியை யார் தலையில் போடுவது? தவறணைக்கு ஆள் அனுப்பிக் கள் வாங்கிக் குடித்தவர்கள், அதை இறக்கிய கை தங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதைத் தடுத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பாத்திரம் இருந்தது. கோயில் வாசலில் அவர்கள் 1960களின் இறுதியிலும் போராட வேண்டியிருந்தது. கள்ளின் மீதான அருவருப்பு அதன் மணத்தால் வந்தது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. புளித்த மணமுள்ள லம்பிக்கைப் பாராட்டும் மூக்கு, கள்ளை மட்டும் ஏன் சகிக்கவில்லை? சுளிப்பது மூக்கு அன்று, சாதி.

மறுப்புகளுக்கு மறுமொழி

கள்ளில் கலப்படம் உண்டு, சுத்தம் இல்லை என்பார்கள். உண்மைதான், பல இடங்களில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனிலும் பியரில் கலப்படம் மலிந்திருந்தது. அவர்கள் பியரைத் தடை செய்யவில்லை. பரிசோதனையையும் தண்டனையையும் கொண்டுவந்தார்கள். அதே பரிகாரம் இங்கும் செல்லும்.

கள் பயணம் தாங்காது, அடைத்து விற்றால் சுவை போய்விடும் என்பார்கள். கொதிநிலைக்குக் கீழ்ச் சூடாக்கிப் போத்தலில் அடைத்த பனங்கள்ளை வடக்கின் கூட்டுறவுச் சங்கங்கள் விற்கின்றன. மரத்தடிக் கள்ளின் உயிர் அதில் இல்லை என்பது சரி. கலங்கல் பியரும் பயணம் தாங்காத பானமே. அதற்காகக் குளிர் வாகனங்களும் குளிர் அறைகளும் அமைத்தார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவாக்கப்பட்டது. ஒரு பானத்தின் தன்மையைக் காப்பதற்குத் தேவையான ஆய்வும் முதலீடும் எந்தப் பானத்துக்குக் கிடைத்தன, எதற்குக் கிடைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கள் குடித்துக் குடும்பங்கள் அழிந்தன என்பார்கள். அழிந்தன. சாராயத்தாலும் பியராலும் அழிந்தன. கள்ளின் மதுசாரம் பொதுவாக நான்கைந்து சதவீதம். நான் சுவைத்த பியரில் 6.5 சதவீதம், ஹெடி டொப்பரில் 8 சதவீதம். மதுவை எதிர்ப்பவர்கள் இரண்டையும் எதிர்க்கட்டும். அவர்களை நான் மதிக்கிறேன். ஒன்றைப் பாராட்டி மற்றதை இகழ்வோரிடம் மட்டுமே எனக்கு வழக்கு.

நான் கேட்பது அதிகமில்லை. பேணியை வாங்குபவர்கள் அதன் முதுகிலுள்ள கதையை விட்டுவிட்டு அடியிலுள்ள திகதியைப் பார்க்கட்டும். திகதி அச்சிடாத நிறுவனத்துக்கு ஆறேழு பவுணைக் கொடுக்காதிருக்கட்டும். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் முகர்ந்து, சுவைத்துச் சொல்லட்டும். நன்றாக இருந்தால் நன்று என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்லட்டும். அதே அளவுகோலைப் பனையடிக்கும் கொண்டுவரட்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு இலண்டனில் பியர் காய்ச்சிய ஜோர்ஜ் ஹொட்ஜ்சனின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் பாட்டனாரின் வளவிலே நாற்பது வருடம் காலையும் மாலையும் பனையேறிய மனிதரின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த தடவை திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது, அதையாவது கேட்டு அறிந்துகொண்டு வாருங்கள்.